புலிக்குக் கரண்ட் இல்லை

அவளுக்கு வேண்டியதெல்லாம் ஒரு பெஞ்சும் அரை மணி நேரமும்தான். குடியிருப்பின் பின்பக்கத் திறந்தவெளியில், வாதாம் மரத்தடியில், முதுகுப்பலகை ஒன்று பெயர்ந்துபோன பழைய மரப் பெஞ்சு. வேலை முடிந்து வந்ததும் கைப்பையைக்கூட வீட்டில் வைக்காமல் நேரே அங்கே போய் உட்காருவாள். யாரும் அவளிடம் பேசக் கூடாது. அவளும் யாரிடமும் பேச மாட்டாள். மாளிகை கேட்டாளா, மச்சு வீடு கேட்டாளா? இவ்வளவுதான் கேட்டாள்.

நாளெல்லாம் பேசித் தீர்ப்பவர்களுக்குத்தான் அந்த அருமை புரியும். மின்சார அலுவலகத்தின் புகார் பிரிவில், ஹெட்போனை மாட்டிக்கொண்டு, ஊரில் எங்கெல்லாம் கரண்ட் போகிறதோ அங்கெல்லாம் இருந்து வரும் திட்டை வாங்கிக்கொள்வது அவள் வேலை. டிரான்ஸ்பார்மரை அவள்தான் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போய்விட்டாள் என்பதுபோல் கத்துவார்கள். "சிரமத்துக்கு வருந்துகிறோம்" என்று சொல்லிச் சொல்லி, ஒருநாள் தூக்கத்தில் கணவனிடமே சொல்லிவிட்டாள்.

வீட்டுக்குப் போனால் மட்டும் என்ன? பஸ் ஓட்டி ஓட்டி ஒரு காது மந்தமாகிப்போன கணவன், டிவியைப் பக்கத்துத் தெருவுக்கும் சேர்த்து வைப்பான். மூன்று அறைக்குள் அவர்கள், அவர்கள் மகன், கொழுந்தன், ஓரகத்தி, அவர்களுடைய இரட்டைப் பெண்கள். ஓரகத்தி தங்கமானவள், சண்டை சச்சரவு கிடையாது. ஆனால் வாய் மட்டும் மூடாது. வெங்காயம் உரிப்பதைக்கூட நேரடி வர்ணனை செய்துகொண்டேதான் உரிப்பாள். ஆக, வாதாம் மரத்தடி இல்லாவிட்டால் தனக்குப் பைத்தியம் பிடித்துவிடும் என்று அவள் மனப்பூர்வமாக நம்பினாள்.

அந்த இடத்துக்குத்தான் வந்தது வினை. பின்மதிலுக்கு அந்தப் பக்கம் புதர் மண்டிய ஒரு குன்று. அங்கே குரங்குகள் காலங்காலமாக இருக்கின்றன. வீடு கட்டும்போது யாரும் அவற்றிடம் கேட்கவில்லை, மதிலைத் தாண்டி வரும்போது அவையும் யாரிடமும் கேட்கவில்லை. முதலில் இரண்டு மூன்று வந்தன. பிறகு கூட்டமாக வந்து குப்பைத்தொட்டியைக் கவிழ்த்தன, காயப்போட்ட துணியைக் கிழித்தன, ஊஞ்சலில் ஆடிக்கொண்டிருந்த குழந்தையின் கையிலிருந்து பிஸ்கட்டைப் பிடுங்கின.

குடியிருப்புச் சங்கத் தலைவருக்கு இதைவிட நல்ல சந்தர்ப்பம் கிடைக்குமா? கார் சீட் உறை கடை வைத்திருப்பவர், மூன்று கார்களுக்குச் சொந்தக்காரர். பொதுக்கூட்டத்தில் எழுந்து, "குரங்குக்கு எதுக்குங்க பார்க்கு? மரத்த வெட்டிட்டு மொத்தமா சிமெண்ட் போட்டுரலாம். வண்டியாவது நிக்கும்" என்றார். பாதிப் பேர் கைதட்டினார்கள்.

அதுவரை எந்தக் கூட்டத்திலும் வாயைத் திறக்காதவள் அன்று எழுந்து நின்றுவிட்டாள். "அடுத்த பொதுக்கூட்டம் வரைக்கும் டைம் குடுங்க சார். குரங்க நான் பாத்துக்கறேன்."

செயலாளர் பதவிக்கு ஆள் கிடைக்காமல் ஒரு வருடமாக வலை வீசிக்கொண்டிருந்த கூட்டம் அது. இப்படித் தானாக வந்து விழுந்த மீனை விடுவார்களா? அன்று ராத்திரியே அவளைச் செயலாளர் ஆக்கிவிட்டார்கள். மறுநாளிலிருந்து, ஒரு மனிதரும் பேசக் கூடாது என்று அவள் போய் உட்கார்ந்த அதே பெஞ்சுக்கு, ஒவ்வொருவராகக் குறை சொல்ல வர ஆரம்பித்தார்கள். "மேடம், ஒரு நிமிஷம்" என்பார்கள். அந்த ஒரு நிமிஷத்தில் அவளுடைய அரை மணி நேரம் தீர்ந்துபோகும்.

அவளும் சும்மா இருக்கவில்லை. மதில்மேல் ரப்பர் பாம்புகளை வைத்துப் பார்த்தாள். மறுநாள் ஒரு குட்டிக் குரங்கு அதில் ஒன்றைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு திரிந்தது. மிளகாய்ப்பொடி தூவிப் பார்த்தாள். காற்று திரும்பி அடித்ததில் காவலாளிக்குக் கண் சிவந்து, இரண்டு நாள் விடுப்பு எடுத்துக்கொண்டார். கொக்கி போட்ட மூடியுடன் புதுக் குப்பைத்தொட்டிகள் வரவழைத்தாள். குரங்குகள் திறக்கத் திணறிய அந்த மூடியைத் திறக்க மனிதர்களுக்குத்தான் பொறுமை இல்லை. கொக்கியைத் தூக்குவது பெரிய கஷ்டமாம், பையை மூடிமேலேயே வைத்துவிட்டுப் போனார்கள். கேட்டால், "அவசரமா இருந்தேன் மேடம்" என்பார்கள். குரங்கை நினைத்து வந்த கோபத்தைவிட மனிதர்களை நினைத்து வந்த கோபம்தான் அவளுக்கு அதிகம். குரங்கிடம் இரண்டு முறை சொல்ல வேண்டியதில்லை.

அப்போதுதான் பொருளாளர் புலியோடு வந்தார்.

பள்ளிக்கூட ஆய்வகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வயர், பேட்டரி என்றால் சோறு தண்ணீர் வேண்டாம். எங்கிருந்தோ ஒரு ஒலிபெருக்கியை வாங்கி வந்து வாதாம் மரத்தில் கட்டினார். சாயங்காலம் ஆனதும் அது தானாகப் புலி உறுமலை எழுப்பும். அத்தோடு விட்டாரா? அதற்கு ஒரு தத்துவமும் வைத்திருந்தார்.

"இங்கதான் மேடம் சூட்சுமம். புலி உறுமும்போது மனுஷங்க பாட்டுக்கு உக்காந்து கதை பேசிட்டிருந்தா குரங்கு என்ன நினைக்கும்? 'அட, டூப்பு'ன்னு கண்டுபிடிச்சுரும். நாமளும் பயப்படணும். சத்தம் கேட்டதும் எல்லாரும் ஓடிப் போயி கதவ சாத்தணும். அப்பதான் நம்பும்."

அவளுக்கும் அது சரியாகத்தான் பட்டது. 'உறுமல் கேட்டதும் அனைவரும் திறந்தவெளியை விட்டு வீட்டுக்குள் சென்று கதவு ஜன்னல்களை மூடிக்கொள்ள வேண்டும்' என்று அவள்தான் சுற்றறிக்கை எழுதி, அவள்தான் கையெழுத்துப் போட்டாள். முதல் வாரம் குரங்கு வாடையே இல்லை. பொருளாளர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தார். பிள்ளைகள் அவருக்குப் புலி சார் என்று பெயர் வைத்தார்கள்.

ஆனால் அந்த உறுமல், அவள் வேலை முடிந்து வந்து பெஞ்சில் உட்காரும் நேரம் பார்த்துத்தான் கிளம்பும். கைப்பையை மடியில் வைத்துக் கண்ணை மூடுவாள், தலைக்கு மேல் புலி கர்ஜிக்கும். காவலாளி விசிலடிப்பார். எழுந்து போக வேண்டும். எதைக் காப்பாற்றுவதற்காக இந்தப் பாடெல்லாம் பட்டாளோ, அதையே தன் கையெழுத்தால் தனக்கு இல்லாமல் செய்துகொண்டாள். படியேறும்போதெல்லாம் பல்லைக் கடித்துக்கொள்வாள்.

இரண்டாவது வாரம் குரங்குகள் திரும்பி வந்தன. மூன்றாவது வாரம் முன்பைவிட அதிகமாக வந்தன. தினமும் ஒலிபெருக்கி உறுமி ஓய்ந்த பிறகு கீழே வந்து பார்த்தால், குப்பை மொத்தமும் புல்வெளியில் கிடந்தது. சத்தம் போதவில்லை என்று பொருளாளர் இன்னும் கூட்டினார். மாடியில் பாத்திரங்கள் அதிர்ந்தன. பொதுக்கூட்டம் நெருங்கிக்கொண்டிருந்தது. தலைவர் அவளைப் பார்க்கும்போதெல்லாம் புன்னகை செய்ய ஆரம்பித்தார். திட்டினால்கூடத் தாங்கியிருப்பாள், அந்தப் புன்னகைதான் அவள் வயிற்றை எரித்தது.

அவளுக்கு வார விடுமுறையான ஒருநாள், சாயங்காலம் மின்சாரம் போய்விட்டது. விடுமுறை நாளில் கரண்ட் போனால் அவளுக்கு உள்ளூர ஒரு சந்தோஷம் உண்டு, இன்று திட்டு வாங்குவது வேறு ஆள். அந்தச் சந்தோஷம் முழுதாக வருவதற்குள் போன் அடித்தது. பொருளாளர்.

"மேடம், அவசரம். புலிக்குக் கரண்ட் இல்ல!"

"சார்?"

"உறுமற நேரம் ஆச்சு. பேட்டரியும் செத்துக் கெடக்கு. உங்க ஆபீஸ்ல யார்கிட்டயாவது சொல்லி, நம்ம லைன மட்டும் உடனே..."

"சிரமத்துக்கு வருந்துகிறோம்" என்று சொல்லி போனை வைத்தாள். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு கீழே இறங்கினாள். உறுமல் இல்லாத சாயங்காலம் இனி எப்போது கிடைக்கப்போகிறது?

வீட்டுக்குள் மின்விசிறி ஓடாததால் எல்லோரும் வெளியே வந்திருந்தார்கள். பிள்ளைகள் பந்து விளையாடினார்கள். அவள் பெஞ்சில் உட்கார்ந்து நிமிர்ந்தபோது பின்மதிலைப் பார்த்தாள்.

குரங்குகள் வரிசையாக உட்கார்ந்திருந்தன. மொத்தக் கூட்டமும். ஒன்றும் கலாட்டா செய்யவில்லை. ஒன்றுக்கொன்று பேன் பார்த்துக்கொண்டு, வயிற்றைச் சொறிந்துகொண்டு, பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்கள் மாதிரி இருந்தன. நடுவில் காது கிழிந்த பெரிய ஆண் குரங்கு. அலுவலகத்தில் எல்லோர் முதுகுக்குப் பின்னாலும் நின்று கண்காணிக்கும் சூப்பர்வைசரைப் போலவே இருந்ததால், அவள் அதற்கு அந்தப் பெயரைத்தான் வைத்திருந்தாள். சூப்பர்வைசர் மனிதர்களைப் பார்க்கவில்லை. குப்பைத்தொட்டியைக்கூடப் பார்க்கவில்லை. தலையைத் தூக்கி மரத்திலிருந்த ஒலிபெருக்கியைப் பார்த்துக்கொண்டிருந்தது.

நேரம் போனது. ஒலிபெருக்கி வாயைத் திறக்கவில்லை. ஒரு குட்டி கீழே குதிக்கப் பார்த்தது, தாய் வாலைப் பிடித்து இழுத்தது. சூப்பர்வைசர் இன்னொரு முறை மரத்தை எரிச்சலாகப் பார்த்துவிட்டு எழுந்து குன்றுப் பக்கம் இறங்கியது. கூட்டமும் பின்னாலேயே போய்விட்டது.

அவளுக்கு உச்சந்தலையில் யாரோ குட்டியதுபோல் இருந்தது. தினமும் நடப்பது என்ன? புலி உறுமும். உறுமியதும் மனிதர்கள் எல்லோரும் ஓடிவிடுவார்கள். ஓடுகிற அவசரத்தில் அன்றைய குப்பையைத் தொட்டிமேல் வீசிவிட்டு ஓடுவார்கள். கதவைச் சாத்துவார்கள், ஜன்னலைச் சாத்துவார்கள், எட்டிப் பார்க்கவும் மாட்டார்கள். குரங்குக்கு இதைவிட என்ன வேண்டும்? பந்தி போட்டாயிற்று, வந்து உட்காரலாம் என்று தினமும் மைக் வைத்துக் கூப்பிட்டிருக்கிறார்கள். கூப்பிட்டது யார்? செயலாளர். கையெழுத்தோடு.

நிர்வாகக் கூட்டத்தில் இதைச் சொன்னபோது தலைவர் விழுந்து விழுந்து சிரித்தார். பொருளாளர் சிரிக்கவில்லை. அவர் முகம் சுருங்கிப்போயிற்று.

"என்ன மேடம் இது, புலிய கேலி பண்றீங்க? குரங்குக்கு அவ்ளோ அறிவு இருக்கா?"

"அறிவு நமக்குத்தான் சார் இல்ல. புலிய நிறுத்திட்டு, அந்த நேரத்துல எல்லாரும் கீழயே இருந்தா..."

"எல்லாரும் கீழ இருந்தா குரங்கு கடிச்சுடும். யாரு பொறுப்பு, நீங்களா?" என்றார் தலைவர். "இன்னும் கொஞ்ச நாள்தானே. கூட்டத்துல சிமெண்டுக்கு ஓட்டுப் போட்டு முடிச்சுருவோம். உங்களுக்கும் இந்தத் தலைவலி விட்டுச்சு."

மறுநாள் அலுவலகத்தில், தன் வீட்டு ஃபிரிட்ஜ் கரண்ட் இல்லாமல் சூடாகிவிட்டதற்கு அவள்தான் காரணம் என்று ஒருவர் வெகுநேரம் திட்டினார். அந்தக் கோபத்தை அப்படியே தூக்கிக்கொண்டு வந்து பெஞ்சில் உட்கார்ந்தாள். மழை இல்லாவிட்டாலும் கையில் குடை இருந்தது. தலைக்கு மேல் புலி உறுமியது. பிள்ளைகள் ஓடினார்கள், பெரியவர்கள் பையை வீசிவிட்டு ஓடினார்கள். அவள் எழுந்திருக்கவில்லை.

காவலாளி விசிலடித்தார். "மேடம், டைம் ஆச்சு மேடம்!"

"நீங்க போங்கண்ணே."

மூன்றாவது மாடி ஜன்னலைக் கொஞ்சமாகத் திறந்து பொருளாளர் கத்தினார். "மேடம்! உள்ள வாங்க! ரூல் போட்டதே நீங்கதான்!"

"நான் போட்டத நான் எடுத்துட்டேன்!" என்று அவளும் கத்தினாள். இத்தனை வருடப் புகார் பிரிவு வாழ்க்கையில் பதிலுக்குக் கத்தியது அதுதான் முதல் முறை. நெஞ்சுக்குள் ஏதோ ஒரு அடைப்பு விட்டதுபோல் இருந்தது.

சூப்பர்வைசர் மதிலிலிருந்து குதித்தது. பின்னால் கூட்டம் இறங்கியது. பாதி வழியில் அவளைப் பார்த்து எல்லாம் அப்படியே நின்றன. இது கணக்கில் இல்லாத விஷயம். சூப்பர்வைசர் மட்டும் இன்னும் சில அடி முன்னால் வந்து, பல்லைக் காட்டியது. அவ்வளவு நீளப் பல் குரங்குக்கு இருக்கும் என்று அவளுக்குத் தெரியாது. கால்கள் தானாக ஓடத் தயாராயின. பயம்தான், பொய் சொல்வானேன். ஆனால் பயத்துக்கு மேலே ஒரு கோபம் உட்கார்ந்திருந்தது. எழுந்தால் பெஞ்சு போய்விடும். அதன் கண்ணைப் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டு, குடையால் பெஞ்சை ஒரு தட்டுத் தட்டினாள். பிறகு இன்னொரு தட்டு.

ஒலிபெருக்கி மறுபடி உறுமியது. சூப்பர்வைசர் அதைப் பார்த்தது, அவளைப் பார்த்தது, மறுபடி அதைப் பார்த்தது. சத்தம் வந்த பிறகும் ஆள் போகவில்லையே, இது என்ன அநியாயம் என்று கேட்பதுபோல் இருந்தது. கடைசியில் திரும்பி மதிலேறி உட்கார்ந்தது. இருட்டுவதற்குள் கூட்டம் போய்விட்டது. அன்று ஒரு பை குப்பையும் கிழியவில்லை.

மொத்தக் குடியிருப்பும் ஜன்னல் இடுக்கு வழியாக இதைப் பார்த்திருந்தது. மறுநாள் ஓரகத்தி இரட்டையரை இழுத்துக்கொண்டு துணைக்கு வந்தாள். அதற்கடுத்த நாள் நாலைந்து குடும்பம் வந்தது. யார் வந்தாலும் முதல் வேலையாகக் கொக்கியைத் தூக்கிக் குப்பையை உள்ளே போட வேண்டும் என்று அவள் ஒற்றைக் காலில் நின்றாள். அத்தனை பேர் பார்க்கும்போது மூடிமேல் வைத்துவிட்டு ஓட யாருக்கும் துணிச்சல் வரவில்லை. பொதுக்கூட்டம் வருவதற்குள் குரங்குகள் மதிலோடு நின்றுகொள்ளப் பழகிவிட்டன. சிமெண்டுக்குக் கைதட்டியவர்களே சிமெண்டுக்கு எதிராகக் கைதூக்கினார்கள். தலைவரின் புன்னகை போன இடம் தெரியவில்லை.

பொருளாளர் மட்டும் கண் கலங்கி நின்றார். "அப்ப என் புலிய கழட்டிடணுமா மேடம்?"

அவளுக்குப் பாவமாகிவிட்டது. அங்கேதான் தப்புச் செய்தாள். "வேணாம் சார், இருக்கட்டும். இனிமே அது மணி மாதிரி. சத்தம் கேட்டா எல்லாரும் கீழ வரணும்."

பழைய சுற்றறிக்கையைக் கிழித்துவிட்டுப் புதிதாக ஒரே ஒரு வரி எழுதி ஒட்டினாள். 'உறுமல் கேட்டதும் அனைவரும் கீழே வரவும்.'

வந்தார்கள். ஒருவர் பாக்கியில்லாமல் வந்தார்கள். பிளாஸ்க்கோடு வந்தார்கள், பாயோடு வந்தார்கள், ரேடியோவோடு வந்தார்கள். புலி சார் மரத்தடியில் நின்றுகொண்டு, "கடைசில எல்லாரையும் ஒண்ணு சேத்தது யாரு? புலி!" என்று போகிற வருகிறவர்களிடமெல்லாம் சொன்னார். அவள் வேலையிலிருந்து திரும்பும்போது பெஞ்சில் நான்கு பேர் உட்கார்ந்திருந்தார்கள். அவளைப் பார்த்ததும் நெருக்கிக்கொண்டு, உள்ளங்கை அகலத்துக்கு இடம் விட்டார்கள்.

"வாங்க மேடம், உங்க பெஞ்சு! உக்காருங்க. லிஃப்ட்ல ஒரு சத்தம் வருது, கவனிச்சீங்களா?"

"மேடம், ரெண்டாவது மாடி தண்ணி..."

"அக்கா, இன்னைக்கு என்னாச்சு தெரியுமா?" இது ஓரகத்தி. பக்கத்தில் இவள் கணவன், நல்ல காதில் ரேடியோவை வைத்துக்கொண்டிருந்தான். அந்தப் பக்கம் கொழுந்தன். மகனும் இரட்டையரும் ஊஞ்சலுக்குச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். பெஞ்சைக் காப்பாற்றியாயிற்று. அதில் உட்காரத்தான் முடியாது. இதற்கா அந்தப் பல்லுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள்?

"தலைய வலிக்குது" என்று சொல்லிவிட்டுப் படியேறினாள்.

இரண்டாவது மாடி வந்தபோதுதான் உறைத்தது. எல்லோரும் கீழே இருக்கிறார்கள் என்றால், வீடு காலியாக இருக்கும். டிவி இருக்காது. வெங்காய வர்ணனை இருக்காது. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அந்த வீடு காலியாக இருந்து அவள் பார்த்ததே இல்லை. மீதிப் படிகளைச் சின்னப் பெண் மாதிரி ஏறினாள். கதவைச் சத்தமில்லாமல் திறந்தாள்.

சாப்பாட்டு மேசைமேல் சூப்பர்வைசர் உட்கார்ந்திருந்தது.

பிரட் பாக்கெட் பிரிந்து கிடந்தது. அதன் பின்னால் சமையலறை ஜன்னல் விரியத் திறந்திருந்தது. ஜன்னல் வழியே எதிர்க் கட்டிடம் தெரிந்தது. அங்கேயும் ஜன்னல்கள் எல்லாம் திறந்திருந்தன. ஒரு ஜன்னலில் வால் ஒன்று தொங்கியது, இன்னொன்றிலிருந்து ஒரு குட்டி வாழைப்பழத்தோடு வெளியே வந்தது. பழைய சுற்றறிக்கையில் ஜன்னலை மூடச் சொல்லியிருந்தாள். புதியதில் மறந்துவிட்டாள். கீழே மரத்திலிருந்து புலி இன்னொரு முறை உறுமியது. சூப்பர்வைசர் அதைக் காதில் வாங்கிக்கொண்டு நிதானமாக அடுத்த துண்டை எடுத்தது.

கத்தியிருக்க வேண்டும். கீழே ஓடிப்போய் எல்லோரையும் கூப்பிட்டிருக்க வேண்டும். செயலாளர் செய்ய வேண்டியது அதுதான். கைப்பைக்குள் போன் அதிர்ந்தது. பொருளாளராக இருக்கும், அல்லது லிஃப்ட்.

அவள் போனை அணைத்தாள். கதவை ஒருக்களித்து வைத்துவிட்டு, வாசலோரம் செருப்பு மாட்ட வைத்திருந்த முக்காலியில் உட்கார்ந்தாள். அதன் கண்ணைப் பார்க்கவில்லை. அதுவும் அவளை ஒரு முறை பார்த்துவிட்டு, இது பெஞ்சில் பார்த்த ஆள்தான் என்பதுபோல் பிரட்டுக்குத் திரும்பியது. வீட்டில் சத்தமே இல்லை. அது மெல்லுவது மட்டும் கேட்டது. அதற்கு லிஃப்ட் இல்லை, தண்ணீர்ப் பிரச்சினை இல்லை, அவளிடம் கேட்க ஒன்றுமே இல்லை.

பாக்கெட்டில் இன்னும் நாலைந்து துண்டு இருந்தது. அது முடியட்டும், அப்புறம் கத்திக்கொள்ளலாம் என்று அவள் சுவரில் சாய்ந்து கண்ணை மூடினாள்.